மணிக்கு 30 சென்ட் கூலியில் வானத்தை அளந்தவர்

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்த படங்கள் நம் வாட்ஸ்அப் குழுவில் வரும்போது, இத்தனை கோடி ஒளியாண்டு தூரம் என்று கீழே ஒரு வரி இருக்கும். அதை யார், எந்த டேப்பை வைத்து அளந்தார்கள் என்று உங்களுக்கும் தோன்றியிருக்கும். அந்த டேப்பைச் செய்து கொடுத்தவர் ஹென்றியேட்டா ஸ்வான் லெவிட் என்ற அமெரிக்கப் பெண்மணி. இறந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. வானியல் படித்தவர்களிடம் இவர் பெயர் மிகப் பிரபலம். மற்றவர்களுக்கு ஹப்பிளைத் தெரிந்த அளவுக்கு இவரைத் தெரியாது. அதனால்தான் இந்த இதழில் இவர் கதை.

1868 ஜூலை 4 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லான்காஸ்டரில் பிறந்தார். 1892-இல் கல்லூரிப் படிப்பை முடித்தார். கடைசி ஆண்டில்தான் வானியல் பாடம் எடுத்தார், அதுவே பிடித்துப்போனது. அடுத்த ஆண்டு ஹார்வர்ட் வானாய்வகத்தில் சம்பளம் இல்லாமல் வேலைக்குச் சேர்ந்தார். நடுவில் சில ஆண்டுகள் ஐரோப்பா, பிறகு விஸ்கான்சின் என்று விலகியிருந்தார். அந்தக் காலத்திலேயே காது மெல்ல மெல்லக் கேட்காமல் போகத் தொடங்கியிருந்தது. 1902-இல் திரும்பி வந்தபோது, ஆய்வகத்தின் தலைவர் எட்வர்ட் பிக்கரிங் மணிக்கு 30 சென்ட் கூலி கொடுத்தார். மற்ற பெண்களுக்கு 25 சென்ட்தான். அந்த ஐந்து சென்ட்தான் அவர் திறமைக்குக் கிடைத்த மரியாதை.

என்ன வேலை தெரியுமா? அங்கே தொலைநோக்கியில் வானத்தைப் பார்ப்பது ஆண்களின் வேலை. பெண்களுக்குப் புகைப்படம் எடுத்த கண்ணாடித் தகடுகளைக் கொடுத்துவிடுவார்கள். தகட்டில் வானம் வெள்ளையாகவும் நட்சத்திரங்கள் கறுப்புப் புள்ளிகளாகவும் இருக்கும். ஒவ்வொரு புள்ளியின் அளவையும் பார்த்து, அந்த நட்சத்திரத்தின் பிரகாசம் எவ்வளவு என்று நோட்டில் எழுத வேண்டும். அரிசியில் கல் பொறுக்குகிற வேலை மாதிரிதான், ஆனால் ஆண்டுக்கணக்கில். இந்தப் பெண்களுக்கு அங்கே வைத்த பெயர் கம்ப்யூட்டர்! அப்போது அந்தச் சொல் கணக்குப் போடும் ஆளைக் குறித்தது, இயந்திரத்தை அல்ல.

லெவிட்டுக்குக் கிடைத்தது மாறொளி நட்சத்திரங்கள், அதாவது கூடிக் குறையும் வெளிச்சம் உடையவை. ஒரு நாள் எடுத்த படத்தின் நெகட்டிவை, வேறொரு நாள் எடுத்த படத்தின் பாசிட்டிவ் மேல் வைத்துப் பார்ப்பார். மாறாத நட்சத்திரங்களில் கறுப்பும் வெள்ளையும் பொருந்திப் போகும். மாறியது மட்டும் பிதுங்கிக்கொண்டு தெரியும். பெரு நாட்டின் அரெகிபாவில் ஹார்வர்டுக்கு ஒரு கிளை இருந்தது. அங்கிருந்து கப்பலில் வந்த தகடுகளில் மெகல்லன் மேகங்கள் என்ற இரண்டு நட்சத்திரக் கூட்டங்கள் இருந்தன. அவற்றில் மட்டும் 1,777 மாறொளி நட்சத்திரங்களைக் கண்டுபிடித்து 1908-இல் பட்டியல் வெளியிட்டார். பட்டியலின் ஓரத்தில், வெளிச்சம் அதிகமான நட்சத்திரங்கள் மெதுவாகத் துடிக்கின்றன என்று ஒரு குறிப்பையும் எழுதி வைத்தார். அப்போது அவர் கையில் இருந்தது 16 நட்சத்திரங்களின் கணக்குதான்.

அந்தச் சின்னக் குறிப்பு ஏன் பெரிய விஷயம்? எதிர் பிளாக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பால்கனியில் விளக்கு பளிச்சென்று எரிகிறது, பக்கத்தில் மங்கலாக எரிகிறது. இரண்டும் நமக்கு ஒரே தூரம் என்பதால், பளிச்சென்று இருப்பது நிஜமாகவே அதிக வாட் பல்பு என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒரு விளக்கு எதிர் பிளாக்கிலும் இன்னொன்று மூன்று கிலோமீட்டர் தள்ளி நெடுஞ்சாலையிலும் இருந்தால் சொல்ல முடியாது. மங்கலாகத் தெரிவது சின்ன பல்பா, தூரத்தில் இருக்கும் பெரிய பல்பா? வானத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் இந்தக் குழப்பத்தில் மாட்டியிருந்தார்கள். சிறிய மெகல்லன் மேகத்தில் உள்ள நட்சத்திரங்கள் எல்லாம், எதிர் பிளாக் விளக்குகளைப் போல, நம்மிடமிருந்து ஏறக்குறைய ஒரே தூரம். அங்கே தெரியும் வித்தியாசம் உண்மையான வித்தியாசம்.

1912-இல் 25 நட்சத்திரங்களை வைத்து அதை உறுதி செய்தார். ஒன்றே கால் நாளில் ஒரு சுற்று துடிப்பது முதல் 127 நாள் எடுத்துக்கொள்வது வரை அதில் இருந்தன. வரைபடத்தில் புள்ளி வைத்தால் ஒரே நேர்கோடு. துடிப்பின் நாட்களை எண்ணினால் போதும், பல்பின் வாட் தெரிந்துவிடும். வாட் தெரிந்தால், எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதை வைத்துத் தூரம் கணக்குப் போட்டுவிடலாம். இந்த வகை நட்சத்திரங்களுக்குச் செஃபீடு என்று பெயர். அந்த அறிக்கை பிக்கரிங் கையெழுத்தில்தான் வெளிவந்தது. ஆனால் அதன் முதல் வரியிலேயே இது மிஸ் லெவிட் தயாரித்தது என்று சொல்லியிருந்தார். அந்த அளவுக்கு நியாயமான மனிதர்தான்.

அவர் நியாயம் அதோடு நின்றது என்பதுதான் என் வருத்தம். கோலைக் கண்டுபிடித்தவரிடமே போய் அளந்து பாருங்கள் என்று விட்டிருக்க வேண்டாமா? நட்சத்திரங்களின் பிரகாசத்துக்கு ஒரு தர அளவுப் பட்டியல் தயாரிக்கும் வேலையைப் பிக்கரிங் அவரிடம் கொடுத்தார். முக்கியமான வேலைதான், மறுக்கவில்லை. பல ஆண்டுகளை அது விழுங்கிவிட்டது. அதற்குள் டென்மார்க்கைச் சேர்ந்த ஹெர்ட்ஸ்ப்ரங் 1913-இலேயே அந்தக் கோலில் அளவுக் குறி போட்டார். ஷாப்லி என்ற இளைஞர் நம் பால்வீதியையே அளந்து, சூரியன் அதன் நடுவில் இல்லை என்று காட்டினார்.

லெவிட் கடைசி ஆண்டுகளில் வயதான தாயாருடன் கேம்பிரிட்ஜில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1921-இல் ஷாப்லி ஆய்வகத்தின் தலைவராக வந்து, அவரை ஒளி அளவுத் துறைக்குப் பொறுப்பாக்கினார். அந்த ஆண்டு டிசம்பர் 12 அன்று புற்றுநோயால் காலமானார். வயது 53. அவர் விட்டுப்போன சொத்தின் மதிப்பு 314 டாலர் 91 சென்ட்.

இரண்டே ஆண்டுகள் கழித்து, 1923 அக்டோபரில், எட்வின் ஹப்பிள் ஆண்ட்ரோமிடா என்ற மங்கலான திட்டில் ஒரு செஃபீடைப் பிடித்தார். லெவிட்டின் விதியைப் போட்டுப் பார்த்தால் ஒன்பது லட்சம் ஒளியாண்டு வந்தது. பால்வீதிக்குள் அடங்காத தூரம்! அது வேறொரு நட்சத்திர ஊர் என்று அப்போதுதான் தெரிந்தது. செஃபீடுகளில் இரண்டு வகை உண்டு என்று பின்னால் புரிந்தபிறகு அந்தத் தூரம் இன்னும் கூடியது. இன்றைய கணக்கு சுமார் 25 லட்சம் ஒளியாண்டு. 1925-இல் ஸ்வீடனின் கணித அறிஞர் மிட்டாக்-லெஃப்லர், நோபல் பரிசுக்கு லெவிட்டின் பெயரைப் பரிந்துரைக்க நினைத்து அவருக்கே கடிதம் எழுதினார். அவர் இறந்துவிட்ட செய்தி அதுவரை ஸ்வீடனுக்குப் போய்ச் சேரவில்லை. இறந்தவருக்கு அந்தப் பரிசுக்குப் பரிந்துரை கிடையாது.

இன்றும் அந்தக் கோலை வைத்துத்தான் ஒரு பெரிய சண்டை நடக்கிறது. பிரபஞ்சம் விரியும் வேகத்தைச் செஃபீடு வழியாக அளந்தால், ஏறத்தாழ 33 லட்சம் ஒளியாண்டுக்கு நொடிக்கு 73 கிலோமீட்டர் வருகிறது. ஆதிகாலப் பிரபஞ்சத்தின் எஞ்சிய வெளிச்சத்தை வைத்துக் கணக்கிட்டால் 67-தான். செஃபீடு அளவில் பிசகோ என்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைத் திருப்பிச் சோதித்தார்கள். லெவிட் அளந்த அதே வகை நட்சத்திரங்கள், இன்னும் தெளிவாக. ஹப்பிள் தொலைநோக்கியின் பழைய அளவுகளோடு அவை நன்றாகவே ஒத்துப்போயின. வித்தியாசம் ஏன் என்ற கேள்வி தீரவில்லை.

ஒரு செஃபீடை நீங்களே பார்க்கலாம். புரட்டாசியில் மழை இல்லாத நாளாகப் பார்த்து, இரவு எட்டு மணிக்கு மொட்டை மாடிக்கு வாருங்கள். திருவோண நட்சத்திரம் கிட்டத்தட்டத் தலைக்கு நேர் மேலே இருக்கும். கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால், அதன் அகலத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் தெற்கே ஈட்டா அக்விலே இருக்கும். ஏழு நாளுக்குச் சற்று மேல் ஆகும் ஒரு சுற்றுக்கு. வீட்டில் பைனாகுலர் இருந்தால் எடுத்துவாருங்கள், நகர வெளிச்சத்தில் வெறும் கண்ணுக்குக் கஷ்டம். குழந்தைகளை ஒரு வாரம் தினமும் பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து விளக்கை மட்டும் அந்த அரை மணி நேரம் அணைத்து வைக்க வேண்டியிருக்கும். செக்யூரிட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.