ஏகுதலும் ஏகுவிக்கப்படுதலும்

மதுரையை அடுத்த விளாச்சேரியில் 1870-ஆம் ஆண்டு பிறந்த சூரியநாராயண சாஸ்திரியார், முப்பத்து மூன்றே ஆண்டுகள் வாழ்ந்தவர். சபாபதி முதலியாரிடம் தமிழ் பயின்றார், வடமொழியும் கற்றார். 1892-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இளங்கலைப் பட்டம் பெற்று, அக்கல்லூரியிலேயே தமிழாசிரியராக அமர்ந்தார். இவற்றை வரலாற்று நூல்கள் கூறும். தமிழாசிரியர் கூடுமிடங்களில் இன்றும் சிரிப்போடு சொல்லப்படுவதோ வேறொன்று.

பாடத்தில் மனம் வையாத மாணவர் ஒருவரை அவர் வகுப்பினின்றும் வெளியேற்ற நேர்ந்ததாம். எழுந்து போ என்றால் முடிந்துவிடும் செயல். சாஸ்திரியாரோ 'ஏகு' என்னும் வினையைக் கையிலெடுத்தார். முதலில் அதனை ஏவலாக்கி ஆணையிட்டார். ஏகாவிடின் நேர்வதை அதே வினையின் பிறவினையைச் செயப்பாட்டுவினையாக்கி அறிவித்தார். இலக்கணத்திற்கு அஞ்சிப் பாடத்தை வெறுத்த பிள்ளை, இலக்கணத்தாலேயே வெளியேற்றப்பட்டான்! வெளியே போகுமுன் தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள வேறுபாட்டை அவன் கற்றிருப்பான் என்பதில் ஐயமில்லை.

தொல்காப்பியர் நகைக்குக் கூறிய நிலைக்களன் நான்கு. இச்சிரிப்பை அவற்றுள் எதில் அடக்குவது? எள்ளல் எனின், எள்ளப்படுபவர் மாணவரா, ஆசிரியரா என்பது விளங்கவில்லை. பேதைமை என்பதோ பொருந்தவே பொருந்தாது. அரசவைக்குரிய சொல் மரப்பலகைகளுக்கிடையே வந்து நிற்கும்போது, சொல்லின் உயரமும் இடத்தின் தாழ்வும் ஒருங்கே தெரிகின்றன. சிரிப்பு அந்த இடைவெளியில் பிறக்கிறது. அச்சொல்லையே அவர் இயற்றிய மானவிசயத்தில் சேரமான் கணைக்காலிரும்பொறையின் வாயில் வைத்தால் எவரும் சிரியார்.

இடைவெளியை அவர் அறியாதவர் அல்லர். நாடக இலக்கணத்தை நாடகவியல் என 1897-இல் நூலாக யாத்தவர். பாத்திரத்திற்கேற்ற பேச்சு யாதென்று அவருக்குப் பிறர் சொல்ல வேண்டியதில்லை. அறிந்தே அவர் இறங்கி வரவில்லை. காரணம் அக்காலத்தில் இருக்கிறது. ஆங்கிலமே கல்வி, தமிழ் அதற்கு ஒட்டு என்று கல்லூரிகள் கருதிய காலம் அது. அவர் மாணவராயிருந்தபோது, கல்லூரி முதல்வர் மில்லர் ஆங்கில வகுப்பில் தெனிசனின் படகு வருணனையை வியந்து பாராட்ட, கம்பர் குகனின் நாவாயை அன்னத்தின் நடையோடு ஒப்பிட்டதை எடுத்துக்காட்டி மில்லரையே வியக்கவைத்தார் என்பர். 1902-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தாய்மொழிகளை நீக்கும் முயற்சி எழுந்தபோது, நண்பர் மு. சி. பூரணலிங்கம் பிள்ளையோடு சேர்ந்து அதனை எதிர்த்து நின்றார். தமிழுக்கு இடமே இல்லாமற்போகும் நிலையில், அதன் சொற்களுள் எளியது எது, மிடுக்கானது எது என்று பார்த்துப் பேச அவர்க்கு மனம் வரவில்லை போலும். விரும்பி வந்த மாணவர்களுக்குக் கல்லூரிக்கு வெளியிலும் கற்பித்தார். அவர்களை இயற்றமிழ் மாணவர் என்றழைத்தார். அங்கும் பெயர் பெரிதே!

எனினும் இப்பிடிவாதத்தால் இழப்பே இல்லை என்று கூறுதல் நேர்மையாகாது. உரைநடையும் செய்யுளும் விரவிய அவருடைய நாடகங்கள் படிப்பாரிடம் பெற்ற மதிப்பை மேடையில் பெறவில்லை. கவிஞர் இதனை எண்ணிப் பார்க்கலாம். வகுப்பறையில் ஒரே ஒரு வினைச்சொல் நூற்றாண்டு தாண்டி வாழ்கிறது. காட்சி முழுவதும் அவ்வாறே பேசினால் கேட்பவர் செவி சோர்கிறது.

தம் பெயரையும் அவர் விட்டுவைக்கவில்லை. சூரியன் பரிதி ஆனான், நாராயணன் மால் ஆனான், சாஸ்திரி கலைஞர் ஆனார். தனிப்பாசுரத் தொகைக்கு அவர் சூடிய அப்பெயரே பின்னாளில் நிலைத்தது. சி. வை. தாமோதரம் பிள்ளை அளித்த திராவிட சாஸ்திரி என்ற பட்டத்தைவிட, தாமே செய்துகொண்ட பரிதிமாற் கலைஞர் என்பதையே தமிழுலகம் ஏற்றது.

தமிழை உயர்தனிச் செம்மொழி என நிறுவிய தமிழ்மொழியின் வரலாறு 1903-இல் வெளிவந்தது. அவ்வாண்டு நவம்பர் 2-ஆம் நாள் காசநோய் அவரைக் கொண்டது. நடுவணரசு தமிழைச் செம்மொழியென அறிவித்தது 2004-இல்.