கல்பனா சாவ்லாவும் ஒரு நுரைத்துண்டும்

கல்பனா சாவ்லாவை விண்வெளி வீராங்கனையா எல்லாருக்கும் தெரியும். அதுக்கு முன்னாடி அவங்களும் நம்மள மாதிரி ஒரு இன்ஜினியரிங் மாணவிதான்.

1962-ல் ஹரியானாவின் கர்னாலில் பிறந்தார். 1982-ல் சண்டிகரில் விமானப் பொறியியல் முடித்தார். 1988-ல் அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்றார். 1997-ல் கொலம்பியா விண்கலத்தில் முதல் பயணம்.

2003 ஜனவரி 16-ல் அதே கொலம்பியாவில் இரண்டாவது பயணம். கிளம்பிய 82-வது நொடியில், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இடது இறக்கையில் மோதியது. எடை ஒரு கிலோகூட இல்லை. முந்தைய பயணங்களிலும் நுரை பெயர்ந்ததுண்டு. பெரிதாக எதுவும் ஆகாததால் அது பழகிப்போயிருந்தது. இறக்கையைப் படமெடுத்துப் பார்க்கணும்னு பொறியாளர்கள் கேட்டார்கள். மேலிடம் அதை நிறுத்திவிட்டது.

பிப்ரவரி 1. வளிமண்டலத்துக்குள் திரும்பியபோது, இறக்கையின் ஓட்டை வழியே கொதிக்கும் காற்று புகுந்தது. தரையிறங்க 16 நிமிடம் இருக்கையில் கொலம்பியா சிதறியது. கல்பனா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள்.

நம்ம பத்மநாபபுரத்துக்குப் பக்கத்து மாவட்டத்துலதான் மகேந்திரகிரி. மனிதரை ஏற்றிச் செல்லப்போகும் ககன்யானின் இன்ஜின்களை அங்கதான் சோதிக்கிறாங்க. நாளைக்கு உங்கள்ல யாராவது அங்க வேலைக்குப் போகலாம். இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலைங்கிறது பாதுகாப்புக்குச் சான்று இல்ல. சந்தேகம் வந்தா கேளுங்க. மேலதிகாரி ஆனபிறகு, கேக்கிறவங்களைத் தடுக்காதீங்க.