உணவே மருந்தாக: டாக்டர் லூசி வில்ஸ் அம்மையார்

ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களையும் போற்றுவது சமண இல்லறம். இவற்றுள் ஆகாரமும் ஔஷதமும் ஒன்றாகிவிடும் இடமும் உண்டு. அதனை மருத்துவ உலகிற்குக் காட்டியவர்களுள் ஒருவர், இரத்தவியல் ஆய்வாளர் டாக்டர் லூசி வில்ஸ் அம்மையார்.

1888ஆம் ஆண்டு மே 10ஆம் நாள், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரை அடுத்த சட்டன் கோல்ட்ஃபீல்டில் அவர் பிறந்தார். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் பயின்று 1911இல் தேறினார். பெண்களுக்குப் பட்டம் வழங்கும் வழக்கம் அப்பல்கலைக்கழகத்தில் அந்நாளில் இல்லை. முதல் உலகப்போர் மூண்டபோது தென்னாப்பிரிக்காவில் தொண்டராகச் செவிலிப்பணி ஆற்றினார். பின்னர் இலண்டனில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1920இல் மருத்துவரானார். எனினும் தொழில் நடத்திப் பொருள் ஈட்ட விழையாமல், ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தையே தம் களமாகக் கொண்டார்.

1928இல் அவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணியாலைத் தொழிலை நம்பி வாழ்ந்த ஏழைக் குடும்பங்களில், கருவுற்ற பெண்கள் பலர் கடும் சோகையால் மெலிந்தனர், சிலர் மாண்டனர். அவர்களுடைய இரத்தத்தில் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் உருவில் பருத்தும் காணப்பட்டன. நோய்க்குக் கிருமி காரணமா என்று ஆராய்ந்த அம்மையார், அவ்வாறு இல்லை எனக் கண்டு, அவர்கள் உண்ட உணவின்மீது கருத்தைச் செலுத்தினார்.

தமிழகத்திற்கும் அவ்வாய்வில் பங்குண்டு. 1929இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் அவர் பணியாற்றினார். 1931இன் தொடக்கத்தில், சென்னைத் திருவல்லிக்கேணியில் மக்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றழைக்கும் மருத்துவமனையில் ஆய்வைத் தொடர்ந்தார்.

அக்காலத்தில் கொடிய சோகைக்கு விலங்கின் ஈரலே மருந்தாக இருந்தது. ஏழைகளுக்கு அது எளிதில் கிட்டுவதன்று. அம்மையாரோ, மார்மைட் என்னும் மலிவான ஈஸ்ட் சாற்றைக் கொடுத்து, வாடிய தாய்மாரின் இரத்தம் தேறுவதைக் கண்டார். 1931இல் அம்முடிவை வெளியிட்டார். ஈஸ்டில் பொதிந்திருந்த அப்பொருள், பெயர் அறியப்படாத நிலையில் வில்ஸ் காரணி என்றே வழங்கியது.

இவ்வாய்வில் எலிகளும் குரங்குகளும் சோதனைக்கு உள்ளாயின என்பதை மறைத்தல் முறையன்று. பம்பாய் ஏழைப் பெண்களின் உணவை ஒத்த உணவே குரங்குகளுக்கும் அளிக்கப்பட்டது, அவையும் சோகையுற்றன. தாய்மாரைக் காத்த அறிவின் பின்னால் வாயில்லா உயிர்களின் துன்பமும் நிற்கிறது. ஔஷத தானத்தின் பயனை நுகர்வோர், அபய தானத்தின் கடன் ஒன்று தீராமல் நிற்பதையும் உணர்தல் வேண்டும்.

1941இல் பசலை இனக் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஒரு பொருளுக்கு, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். 1945இல் அது செயற்கையாக ஆக்கப்பட்டது. அதனை ஆக்கிய லெடர்லி ஆய்வகத்தை அமெரிக்காவில் வழிநடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். வில்ஸ் காரணி எனப்பட்டது இப்பொருளே எனப் பின்னர் தெளிவாயிற்று. தாவரவியல் மாணவியாகத் தொடங்கியவரின் தேடல், இறுதியில் ஓர் இலையிலேயே வந்து நின்றது.

பச்சைப்பயறு, கொண்டைக்கடலை முதலிய பருப்பு வகைகளிலும் கீரைகளிலும் இச்சத்து மிகுந்துள்ளது. நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துவிட்டால் பெரிதும் வீணாகும். ஆயினும் சோகை யாவும் இதனால் நீங்குவதில்லை. பி12 என்னும் வைட்டமின் குறைந்தோருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால், இரத்தம் தேறியதுபோல் தோன்றும். நரம்புகளோ உள்ளே கெடும். காய்கனி, தானியங்களில் இல்லாத பி12 பாலிலும் தயிரிலும் உண்டு. ஆதலின் மரக்கறி உணவினர், பாலையும் தவிர்ப்போர் சிறப்பாக, சோகை கண்டவுடன் அதன் காரணத்தை மருத்துவரிடம் தெளிந்த பின்னரே மருந்து கொள்ளுதல் நலம்.

1947இல் ஓய்வு பெற்ற பின்னரும் அம்மையார் ஜமைக்கா, ஃபிஜி முதலிய நாடுகளில் உணவையும் சோகையையும் பற்றி ஆராய்ந்தார். திருமணம் செய்துகொள்ளாது வாழ்ந்த அவர், 1964 ஏப்ரல் 16 அன்று மறைந்தார். இன்று கருவுற்ற பெண்களுக்கு அளிக்கப்படும் ஃபோலிக் அமில மாத்திரை ஒவ்வொன்றிலும் அவர் உழைப்பு உறைந்திருக்கிறது. அதை உண்ணும் தாய்மாருள் அவர் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. பெயர் கருதாத ஈகையே தானங்களுள் தலையாயது.