ஓட்டோ லோவி

ஓட்டோ லோவி (ஜூன் 3, 1873 – டிசம்பர் 25, 1961) ஜெர்மனியில் பிறந்த மருந்தியலாளர். நரம்பின் செய்தியை அடுத்த உறுப்புக்குக் கொண்டுசெல்வது ஒரு வேதிப்பொருளே என்பதைச் சோதனை மூலம் நிறுவியவர். இதற்காக 1936 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை ஹென்றி டேலுடன் பகிர்ந்துகொண்டார்.

இளமையும் கல்வியும்

பிராங்க்ஃபுர்ட் நகரில் யூத மது வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். கலை வரலாற்றில் நாட்டம் கொண்டிருந்தும் குடும்பத்தாரின் விருப்பப்படி மருத்துவம் பயின்று, 1896 இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் பட்டம் பெற்றார். காசநோயாளிகள் சிகிச்சையின்றி இறப்பதைக் கண்டபின் மருத்துவத் தொழிலை விட்டு ஆராய்ச்சிக்குச் சென்றார். 1909 இல் ஆஸ்திரியாவின் கிராஸ் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பேராசிரியரானார்.

இரு தவளை இதயங்கள்

நரம்பின் செய்தி மின்சாரமாகவே தாவிச் செல்கிறது என்பதே அக்காலத்தில் பெரும்பாலோரின் கருத்து. ஈஸ்டரை ஒட்டிய ஓர் இரவில் லோவி கனவில் ஒரு சோதனையைக் கண்டு, விழித்துக் குறித்துவைத்துவிட்டு உறங்கினார். காலையில் தம் கையெழுத்தே அவருக்குப் புரியவில்லை. மறுநாள் இரவும் அதே கனவு வந்தது. இம்முறை எழுந்து நேரே ஆய்வகத்துக்குச் சென்றார்.

சோதனை மிக எளியது. இரு தவளை இதயங்கள் உப்புக் கரைசலில் துடித்துக்கொண்டிருந்தன. முதல் இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டியதும் அதன் துடிப்பு குறைந்தது. அந்தக் கரைசலை, நரம்பு நீக்கப்பட்ட இரண்டாம் இதயத்தில் செலுத்தியபோது அதுவும் மெதுவாயிற்று. இரண்டுக்கும் இடையே நரம்புத் தொடர்பே இல்லாததால், கரைசலில் கலந்த ஏதோவொரு பொருளே இதற்குக் காரணமாக இருக்க வேண்டும். துடிப்பை விரைவாக்கும் நரம்பைத் தூண்டி எடுத்த கரைசல் இரண்டாம் இதயத்தையும் விரைவாக்கியது. முடிவுகள் 1921 இல் வெளியாயின.

வேகஸ் பொருள் என லோவி அழைத்தது அசிட்டைல்கோலின் எனப் பின்னர் அறியப்பட்டது. இது இதயச் செல்களின் ஏற்பிகளில் பொருந்தும்போது பொட்டாசியம் வாயில்கள் திறக்கின்றன, துடிப்பு தணிகிறது. எலும்புத் தசையிலோ இதே பொருள் வேறுவகை ஏற்பியில் பொருந்தித் தசையைச் சுருங்கச் செய்கிறது. ஆகவே விளைவைத் தீர்மானிப்பதில் ஏற்பிக்கும் பெரும் பங்குண்டு.

ஐயமும் ஏற்பும்

வேறு சிலர் செய்தபோது இச்சோதனை எளிதில் பலிக்கவில்லை. அசிட்டைல்கோலினை நொதி விரைவில் சிதைத்துவிடுவது இதற்கு ஒரு காரணம். அச்சிதைவை எசரின் என்னும் மருந்து தடுப்பதை லோவியும் நவ்ராட்டிலும் 1926 இல் காட்டினர். மூளைக்கு இது பொருந்தாது என வாதிட்டு வந்த ஜான் எக்கிள்ஸ், 1951 இல் தம் சொந்த அளவீடுகளின் விளைவாகவே கருத்தை மாற்றிக்கொண்டார்.

கைதும் புலம்பெயர்வும்

1938 மார்ச்சில் நாசிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றிய இரவில் லோவி சிறைப்பிடிக்கப்பட்டார். கொல்லப்படுவோம் என அஞ்சிய அவர், வெளியிடப்படாத தம் கடைசி ஆய்வு முடிவுகளைச் சிறையிலிருந்து ஓர் அஞ்சலட்டை மூலம் ஆய்விதழுக்கு அனுப்பச் செய்தார். ஸ்டாக்ஹோம் வங்கியிலிருந்த நோபல் பரிசுப் பணத்தை நாசி வங்கிக்கு மாற்றிக்கொடுத்த பின்னரே வெளியேற முடிந்தது. பிரசல்ஸ், ஆக்ஸ்போர்டு வழியாக 1940 இல் அமெரிக்கா சேர்ந்து, நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். 1946 இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற அவர், நியூயார்க்கிலேயே காலமானார்.