அறையை அளந்த அறிஞர் ரிக்கார்டோ

சென்ற பருவத்தில் எங்கள் பட்டறையில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினின் பிஸ்டனை உடைத்தேன். அன்று முதல் ஓர் அறிஞரின் வாழ்க்கை என் மனத்தை விட்டு அகலவில்லை. அவரைத் தமிழ் நண்பர்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறேன்.

ஹாரி ரிக்கார்டோ 1885-ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தார். தந்தை கட்டடக் கலைஞர். தாய்வழிப் பாட்டனார் பெரும் பொறியாளர். கேம்பிரிட்ஜில் பேராசிரியர் ஹாப்கின்சனின் கீழ் எஞ்சின் ஆராய்ச்சியில் இறங்கினார்.

பெட்ரோல் கலவையை இறுக்க இறுக்க ஆற்றல் கூடும். எல்லை மீறினாலோ, சம்மட்டியால் அடிப்பதுபோல் எஞ்சின் தட்டத் தொடங்கும். தீ முந்திப் பற்றுவதே காரணம் என்று பலர் நம்பினர். ரிக்கார்டோ மறுத்தார். முன்னேறும் சுடர் நெருக்குவதால், மூலையில் எஞ்சிய கலவை சூடேறித் தானாகவே வெடிக்கிறது என்று விளக்கினார்.

1917-இல், மட்டமான பெட்ரோலிலும் ஓடக்கூடிய 150 குதிரைத்திறன் எஞ்சினைப் போர் டாங்கிகளுக்காக வடித்தார். பின்னர் சிலிண்டர் தலையின் குழியை மாற்றியமைத்து, கலவை சுழன்று விரைவாக எரியச் செய்தார். ஓடும்போதே இறுக்க விகிதத்தை மாற்றத்தக்க எஞ்சின் ஒன்றையும் அமைத்து, எந்த எரிபொருள் எவ்வளவு இறுக்கம் தாங்கும் என அளந்தார். இன்றைய ஆக்டேன் எண்ணுக்கு வழி வகுத்த பணிகளில் இதுவும் ஒன்று. 1929-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார், 1948-இல் சர் பட்டம் பெற்றார், 1974-இல் மறைந்தார்.

இனி என் கதை. தலையின் குழிமேல் கண்ணாடித் தகட்டை வைத்து, பியூரெட்டினால் மண்ணெண்ணெய் விட்டு அளந்தேன். 24 கன செ.மீ. பிடித்தது. 20 ஆக்குவதற்காகத் தலையின் அடிமுகத்தைச் சீவச் சொன்னேன். லேத் மிஸ்திரி சொன்னபடியே சீவித் தந்தார். எஞ்சின் ஓடியது, தட்டியது, பிஸ்டன் விளிம்பு உடைந்தது.

மிஸ்திரி கூடுதலாகச் சீவிவிட்டார் என்று சொல்லித் தப்பிவிடலாமா என ஒரு கணம் எண்ணினேன். ஆனால் வால்வைப் பார்த்தபோது உண்மை விளங்கிற்று. அளக்கும்போதே அதன் வழியாக மண்ணெண்ணெய் கசிந்திருக்கிறது! குழி முதலிலேயே 20தான். நான் அதை 16 ஆக்கிவிட்டேன். 160 கன செ.மீ. எஞ்சினில், 9 ஆக இருக்க வேண்டிய விகிதம் ஏறத்தாழ 11 ஆகிவிட்டது. ஒரு தேக்கரண்டிக்கும் குறைந்த பிழை!

பிழை என்னுடையதே என்று பேராசிரியரிடம் ஒப்புக்கொண்டேன். மிஸ்திரியிடமும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த தலையை எடுத்து வைத்தார். இம்முறை வால்வின் கசிவை நீக்கி, மூன்று முறை அளந்த பின்னரே சீவக் கொடுத்தேன். ஊரார் நம்பியதை ஒதுக்கி, அளந்தறிந்ததை மட்டும் ஏற்ற ரிக்கார்டோவுக்கு நான் செலுத்தக்கூடிய வணக்கம் அதுவே.