கற்கோவில்களைப் படம் பிடித்த சர்க்கார் ஊழியர்

லாலா தீன்தயாள் என்றால் வைஸ்ராய்களையும் நிஜாமையும் படம் எடுத்தவர் என்றுதான் பலருக்குத் தெரியும். அதற்கு முன்பு ஏறக்குறைய 20 ஆண்டுகள் அவர் ஆபீஸ் உத்தியோகம் பார்த்தவர். மத்திய இந்தியாவின் பழைய கற்கோவில்களையும் கோட்டைகளையும் அவர் படம் பிடித்தது அந்தக் காலத்தில்தான்.

மீரட் பக்கத்தில் உள்ள சர்தானாவில் 1844-ல் பிறந்தார். நகை வியாபாரம் செய்த ஜைனக் குடும்பம். அவர் நகைத் தொழிலுக்குப் போகவில்லை. ரூர்க்கியில் இருந்த தாம்சன் என்ஜினீயரிங் கல்லூரியில் படித்தார். 1866-ல் இந்தூரில் பொதுமராமத்து இலாகாவில் வேலை கிடைத்தது. கட்டிடங்களுக்கு எஸ்டிமேட் போடுவதும், பிளான் வரைவதும் அவருடைய பொறுப்பு. எத்தனை கன அடி கல், எத்தனை ஆள் கூலி என்று கணக்குப் போடுகிற உத்தியோகம். அலுப்பான வேலைதான். ஆனால் ஒரு கட்டிடத்தை அளந்து பார்க்கிற கண்ணை அந்த வேலைதான் அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

1874-ல் 30-வது வயதில் காமிராவைக் கையில் எடுத்தார். இந்தூர் மகாராஜா இரண்டாம் துக்கோஜி ராவ் ஹோல்கர் அவரை ஊக்குவித்தார். மகாராஜா மூலம், கவர்னர் ஜெனரலின் பிரதிநிதியாக அங்கே இருந்த சர் ஹென்றி டேலியின் அறிமுகம் கிடைத்தது. 1875-76-ல் வேல்ஸ் இளவரசர் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தபோது அவரையும் தீன்தயாள் படம் எடுத்தார். ஆனாலும் வேலையை விட்டுவிடவில்லை.

ஈரம் காய்வதற்குள்...

அவர் தொழில் கற்ற நாளில் பிலிம் சுருள் கிடையாது. ஒரு கண்ணாடித் தகட்டின் மீது பசை போன்ற மருந்தைச் சமமாகப் பூச வேண்டும். அதை வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, காமிராவில் பொருத்த வேண்டும். தகட்டின் ஈரம் காய்வதற்குள் படம் எடுத்தாக வேண்டும். எடுத்த கையோடு இருட்டுக் கூடாரத்துக்குள் கொண்டுபோய்க் கழுவவும் வேண்டும். எல்லாம் சில நிமிடங்களுக்குள் நடக்க வேண்டும். வெயில் ஏறினால் மருந்து சீக்கிரம் காய்ந்துவிடும். புழுதி பட்டால் தகடு பாழ். மருந்து தடவி வைத்த உலர் தகடுகள் விற்பனைக்கு வந்த பிறகுதான் இந்தத் தொல்லை தீர்ந்தது.

தகடு எந்த அளவோ, படமும் அந்த அளவுதான். பெரிய படம் வேண்டுமானால் பெரிய காமிரா, பெரிய கண்ணாடி. முட்டை வெள்ளைக் கரு பூசிய காகிதத்தைத் தகட்டோடு சேர்த்து வெயிலில் வைத்துப் பிரதி எடுப்பார்கள்.

கல்லைப் படம் எடுப்பது சுலபம் என்று நினைக்கலாம். கல் அசையாது, கண் சிமிட்டாது. ஆனால் உச்சி வெயிலில் எடுத்தால் சிற்பம் அத்தனையும் தட்டையாகிவிடும். காலையிலோ மாலையிலோ வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போதுதான் உளி வேலை எழுந்து தெரியும். ஒரு சுவருக்குக் காலை வெளிச்சம் பொருந்தினால், மறு சுவருக்கு மாலை வரை காத்திருக்க வேண்டும்.

தீன்தயாள் எடுத்த பல படங்களில் தூணுக்கோ வாசலுக்கோ அருகில் ஒரு ஆள் நிற்பார். கட்டிடம் எவ்வளவு உயரம் என்று அவரை வைத்துக் கணக்கிட்டுவிடலாம். எஸ்டிமேட் போட்டவருக்கே தோன்றும் யோசனை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது!

கிரிபினோடு பயணம்

டேலிக்குப் பிறகு அந்தப் பதவிக்கு வந்தவர் சர் லெபல் கிரிபின். 1882-83-ல் அவருடைய புந்தேல்கண்ட் சுற்றுப்பயணத்தில் தீன்தயாளும் சேர்ந்துகொண்டார். போபாலையும் ஜான்சியையும் இணைக்கும் ரயில் பாதை அப்போது இல்லை. கஜுராகோவுக்கு ரயில் வந்ததே 2008-ல்தான். கண்ணாடித் தகடுகளையும் மருந்துப் புட்டிகளையும் உடையாமல் சாலை வழியே கொண்டுபோக வேண்டும். ரயில் பார்சலில் கண்ணாடிச் சாமான் அனுப்பியவர்களுக்கு இதன் கஷ்டம் புரியும்.

குவாலியர் கோட்டையில் 1093-ல் கட்டி முடிக்கப்பட்ட சாஸ்-பஹு கோவில், சுமார் 100 அடி உயரமுள்ள தேலி மந்திர், கஜுராகோ கோவில்கள், ஓர்ச்சா, ததியா அரண்மனைகள், சாஞ்சி ஸ்தூபி என்று அந்த வட்டாரத்தின் கல்லெல்லாம் அவருடைய காமிராவுக்குள் வந்தது.

இதில் சாஞ்சிப் படங்களுக்குத் தனி மதிப்பு உண்டு. பெரிய ஸ்தூபியின் நான்கு தோரண வாசல்களில் தெற்கு வாசலும் மேற்கு வாசலும் விழுந்து கிடந்தன. மேஜர் கோல் மேற்பார்வையில் அவற்றைத் தூக்கி நிறுத்தியது அதே 1882-83-ல்தான். பிறகு ஜான் மார்ஷல் 1912 முதல் 1919 வரை அங்கே பெரிய அளவில் பழுது பார்த்தார். அதற்கு முன் சாஞ்சி எப்படி இருந்தது என்று இன்று பார்க்க வேண்டுமானால் இதுபோன்ற பழைய படங்கள்தான் சாட்சி. சென்னையிலிருந்து டெல்லிக்குப் போகிறவர்கள் போபாலைத் தாண்டியதும் ஜன்னல் ஓரம் விழித்திருந்தால் அந்தக் குன்றைப் பார்க்கலாம்.

80-க்கும் மேற்பட்ட படங்களுடன், மத்திய இந்தியாவின் புகழ்பெற்ற சின்னங்கள் பற்றிய நூல் 1886-ல் வெளிவந்தது. நூலாசிரியர் கிரிபின். இன்று அந்த நூலைத் தேடுகிறவர்கள் படங்களுக்காகத்தான் தேடுகிறார்கள்.

வேலையை விட்டார்

1885-ல் வைஸ்ராய் டப்ரின் பிரபு அவரைத் தம்முடைய புகைப்படக்காரராக நியமித்தார். தீன்தயாள் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டார். வயது 41. குடும்பஸ்தர். மாதச் சம்பளம் உள்ள சர்க்கார் வேலை ஒரு பக்கம், வாடிக்கையாளர் வந்தால்தான் வருமானம் என்ற தொழில் மறு பக்கம். விடுப்பு முடிந்ததும் அவர் ஆபீசுக்குத் திரும்பவில்லை. முன்கூட்டியே ஓய்வு பெற்றுக்கொண்டார்.

செகந்திராபாத்தில் ஸ்டூடியோ திறந்தார். ஐதராபாத் நிஜாம் மகபூப் அலிகானின் ஆஸ்தான புகைப்படக்காரர் ஆனார். ராஜா என்ற பட்டமும் கிடைத்தது. வேட்டை, விருந்து, தர்பார் என்று படங்கள் குவிந்தன. நிஜாம் ராஜ்யத்தில் எல்லோராக் குகைகளையும் கோல்கொண்டா கல்லறைகளையும் எடுத்தார். 1896-ல் பம்பாயில் ஸ்டூடியோ திறந்தார். மறு ஆண்டே விக்டோரியா மகாராணியின் புகைப்படக்காரர் என்ற அங்கீகாரமும் வந்தது. துரைமார்களின் விருந்துப் படங்கள்தான் அவருக்குப் பெரும் பெயர் வாங்கித் தந்தன. ஆனால் அந்தத் துரைமார்களில் பலரை இன்று யாருக்கும் அடையாளம் தெரியாது. சாஞ்சி வாசலைக் குழந்தையும் சொல்லிவிடும்.

1904-ல் அவருடைய மகன் தரம்சந்த் இறந்தார். அடுத்த ஆண்டு ஜூலை 5-ந் தேதி பம்பாயில் தீன்தயாள் காலமானார்.

அவர் விட்டுச்சென்ற கண்ணாடித் தகடுகளில் 2,857 தகடுகளை டெல்லியில் உள்ள இந்திரா காந்தி தேசிய கலை மையம் 1989-ல் வாங்கியது. 2006-ல் தபால் இலாகா அவருக்குத் தபால் தலை வெளியிட்டது.