மேரி வர்கீஸ்

மேரி வர்கீஸ் (1925 – 1986) இந்தியாவில் மறுவாழ்வு மருத்துவத்திற்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியவர். தண்டுவடம் சிதைந்து இடுப்புக்குக் கீழ் உணர்வும் இயக்கமும் இழந்த பின்னர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கை அறுவை மருத்துவராகவும், பின்பு மறுவாழ்வு மருத்துவத் துறையின் தலைவராகவும் விளங்கினார். 1972 ஆம் ஆண்டில் இந்திய அரசு இவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது.

பிறப்பும் கல்வியும்

கேரளத்தில் கொச்சியை அடுத்த செராயி என்னும் ஊரில் சிரியன் கிறித்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். எர்ணாகுளம் மகாராசா கல்லூரியில் பயின்ற பின், 1940களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவப் பட்டம் பெற்றார். மகளிர் மருத்துவத்தைத் தமது துறையாகத் தேர்ந்து பயிற்சி பெற்று வந்தார்.

விபத்து

1954 சனவரியில் இளம் மருத்துவர்கள் சிலருடன் சிற்றுலா சென்ற வண்டி சாலையில் கவிழ்ந்தது. இவருக்கு முகத்தில் ஆழ்ந்த காயமும் முதுகெலும்பில் முறிவும் ஏற்பட்டன. முறிவுற்ற இடத்துக்குக் கீழே கால்கள் நிலையாகச் செயலிழந்தன. கைகளுக்குக் கேடு நேரவில்லை.

தண்டுவடக் காயமுற்றோர் அக்காலத்தில் பெரும்பாலும் காயத்தினால் அன்றி, அதன் பின்விளைவுகளாலேயே இறந்தனர். உணர்வற்ற தோல் நெடுநேரம் அழுத்தப்படுவதால் படுக்கைப்புண் தோன்றும். சிறுநீர்ப்பை தானே இயங்காமையால் தொற்று ஏற்பட்டுச் சிறுநீரகம் பழுதடையும். நோயாளியைக் குறித்த நேர இடைவெளியில் புரட்டிப் படுக்க வைத்தல், சிறுநீரை முறையாக வெளியேற்றல் ஆகியவற்றால் இவற்றைத் தடுக்க இயலும். இம்முறைகளை 1944 முதல் இங்கிலாந்தின் சிடோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் நிலைநிறுத்தினார்.

கை அறுவை மருத்துவம்

வேலூரில் அப்போது பணியாற்றிய பால் பிராண்ட், மேரி வர்கீசைக் கை அறுவை மருத்துவத்திற்கு வழிகாட்டினார். மகளிர் மருத்துவ அறுவைகள் பலவற்றுக்கு மருத்துவர் நின்று பணியாற்ற வேண்டும். கை அறுவையை அமர்ந்தே செய்யலாம். தொழுநோயால் நரம்பு கெட்டு விரல்கள் மடங்கிப் போனோருக்கு, செயல்படும் தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்தும் அறுவையை இவர் செய்து வந்தார்.

தொழுநோயாளிகளின் கைகால்களில் தோன்றும் புண்களுக்கு உணர்விழப்பே முதன்மைக் காரணம் என்பது பிராண்டின் ஆய்வு முடிவு. வலி தெரியாத உறுப்பைக் கண்ணால் பார்த்துக் காக்க வேண்டும் என்ற அப்பாடம், தண்டுவடம் சிதைந்தோருக்கும் அவ்வாறே பொருந்துவதாகும்.

மறுவாழ்வு மருத்துவம்

ஆத்திரேலியாவின் பேர்த் நகரில் மறுவாழ்வுச் சிகிச்சை பெற்ற மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியிலிருந்து பிறர் துணையின்றி இயங்கக் கற்றார். பின்னர் நியூயார்க்கில் அவர்டு ரசுக்கு நிறுவிய மையத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1963 இல் வேலூரில் அத்துறையின் பொறுப்பை ஏற்றார். 1966 இல் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் வேலூரில் திறக்கப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் தொடங்கப்பட்ட முன்னோடி நிலையங்களுள் இதுவும் ஒன்று. பாகாயத்தில் உள்ள இந்நிலையம் பின்னர் இவர் பெயரைப் பெற்றது.

புளியும் தென்னையும் மிகுந்த தருமபுரி, சேலம், வேலூர் வட்டாரச் சிற்றூர்களில் மரத்திலிருந்தோ கிணற்றிலோ விழுந்து முதுகெலும்பு முறிவோர் உண்டு. பெரும்பாலும் உடலுழைப்பால் குடும்பத்தைக் காப்பவர்களே இவ்வாறு படுக்கையில் வீழ்கின்றனர். மண்பாதையும் உயர்ந்த வாயிற்படியும் உள்ள வீட்டுக்கு அவர்கள் திரும்ப வேண்டியிருப்பதால், மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் போதுவதில்லை. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், தோலை நாள்தோறும் சோதித்தல், கைத்தொழில் கற்றல், உடனிருக்கும் உறவினரைப் பழக்குதல் ஆகியன மறுவாழ்வுப் பயிற்சியின் இன்றியமையாக் கூறுகள். நோயாளிகளைப் போலவே சக்கர நாற்காலியில் வந்த மருத்துவர், இப்பயிற்சியால் எட்டக்கூடிய வாழ்வுக்குத் தாமே சான்றாக இருந்தார்.

மறைவும் நினைவும்

மேரி வர்கீஸ் 1986 இல் காலமானார். விபத்துக்குப் பின் 32 ஆண்டுகள் வாழ்ந்த இவர், அவற்றுள் பெரும்பகுதியை மருத்துவப் பணியில் கழித்தார். இவரது வாழ்க்கையை அமெரிக்க எழுத்தாளர் டோரத்தி கிளார்க் வில்சன் 1963 இல் ஆங்கிலத்தில் நூலாக எழுதினார்.